நான் ஆசீர்வதித்த ஞாயிற்றுக்கிழமை

சாத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது, ஃபாதர் கிடையாது. ஒரே ஃபாதர் ஏழு ஊர்களைப் பார்க்க வேண்டியிருப்பதால் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் எங்களுக்குப் பூசை. மற்ற ஞாயிறுகளில் பைபிள் வாசித்து, ஜெபம் சொல்லி, ஃபாதர் பூசையில் வைத்துவிட்டுப் போன நற்கருணை அப்பத்தைக் கொடுக்கும் வழிபாட்டை நான் நடத்தி வந்தேன். கிழமை நாட்களில் சிவகாசி அச்சகம் ஒன்றில் காலண்டர் தாள் அடுக்கும் வேலை. சனிக்கிழமை சாயங்காலமே எனக்குக் கால் தரையில் நிற்காது. நாளைக்கு என் ஞாயிறு என்று வீட்டில் எல்லோரையும் படுத்தி எடுத்துவிடுவேன்.

எட்டு வயதில் பிடித்த ஆசை அது. வீட்டில் பூசை விளையாட்டு விளையாடுவோம். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஃபாதர் அப்பத்தைத் தூக்குவதுபோல் தேங்காய் பிஸ்கட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிப்பேன். "பொட்டப் புள்ள பூசை வைக்கக் கூடாது" என்பான் அண்ணன். "அப்ப நீ வையி" என்று துண்டைக் கழற்றி அவன்மேல் எறிவேன். அவனுக்கோ ஒரு ஜெபமும் உருப்படியாக வராது. கொஞ்ச நேரத்தில் துண்டு என்னிடமே திரும்பி வரும்.

பெரியவளானதும், "கன்னியாஸ்திரி மடத்துக்குப் போறியா?" என்று கேட்டார்கள். மடத்துக்குப் போகிறவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் நான் கேட்டது அதுவல்ல. பீடத்தில் நின்று பூசை வைக்க வேண்டும் என்று ஒரு பெண் யாரிடம் போய்ச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு கல்யாணம் கட்டினேன், இரண்டு பிள்ளை பெற்றேன். ஆசை மட்டும் விட்டபாடில்லை.

வழிபாடு நடத்தப் பயிற்சி கொடுத்தபோது, கூடாதவற்றைத் தெளிவாகவே சொல்லி அனுப்பினார்கள். பீடத்துக்குப் பின்னால் நிற்கக் கூடாது. குருவின், அதாவது ஃபாதரின், நாற்காலியில் உட்காரக் கூடாது. பூசை முடிவில் குரு மக்களை நோக்கிக் கையை உயர்த்திச் சிலுவை வரைந்து ஆசீர்வதிப்பார்; அதை நான் செய்யவே கூடாது. என் நெற்றியிலும் மார்பிலும் நானே சிலுவை போட்டுக்கொண்டு முடிக்க வேண்டும். மூன்று வருடமாக ஒரு பிசகும் இல்லாமல் அப்படித்தான் முடித்தேன்.

போன தீபாவளி சீசன். பட்டாசுக் கம்பெனிகளில் ஞாயிறும் வேலை ஓடியதால் காலை ஆறு மணிக்கே வழிபாட்டை வைத்துக்கொண்டோம். வாசலில் கம்பெனி வேன் வந்து நின்றுவிட்டது. முன்வரிசையில் சோற்றுத் தூக்குகளைக் காலடியில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற பெண்கள். முந்தின வாரம்தான் ஒரு கம்பெனியில் வெடித்து, எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால் அன்று யார் முகத்திலும் உயிரில்லை.

கடைசி ஜெபம் முடிந்தது. வேன்காரர் ஹாரன் அடித்தார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்கள். அந்தத் தலைகளைப் பார்த்தேன். என் நெற்றிக்குப் போக வேண்டிய கை அவர்கள் பக்கம் உயர்ந்துவிட்டது. தந்தை, மகன், தூய ஆவியார் என்று காற்றில் பெரிய சிலுவையாகவே வரைந்துவிட்டேன். "ஆமென்" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குமுன் நான் அனுபவித்ததில்லை.

வெளியே வந்தபோது, பட்டாசுக்கு மருந்து அடைக்கிற அக்கா ஒருத்தி வேனில் ஏறப் போனவள் திரும்பி ஓடி வந்து, "தோத்திரம் சாமி!" என்றாள். ஃபாதருக்குச் சொல்கிற வணக்கம் அது. சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

பின்வரிசையில் இருந்த ரிட்டையர்டு வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே ஃபாதருக்கு ஃபோன் போட்டுவிட்டார். மறுநாள் வேலை விட்டதும் ஃபாதர் தங்கும் பங்களாவுக்கு வரச் சொல்லி எனக்கு அழைப்பு.

"உக்காருங்கம்மா. மக்களைப் பார்த்துக் கையத் தூக்கி ஆசீர்வதிச்சீகளாமே?"

"ஆமா ஃபாதர்."

"சின்னதுல இருந்து பார்த்த பழக்கம், கை போயிருக்கும். இனிமே கவனமா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வாத்தியார்கிட்ட நான் பேசிக்கிறேன்."

நல்ல மனிதர். தலையை ஆட்டினால் போதும், என் ஞாயிறுகள் என்னிடமே இருக்கும். 'சரி' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"கை தானாத்தான் போச்சு ஃபாதர். ஆனா முப்பது வருசமா போகணும்னு துடிச்ச கை அது. எனக்குக் குருவாகணும்."

சொல்லிவிட்டேன்! அந்த வார்த்தையை என் காதே முதல்முறையாகக் கேட்டது. பயத்தையும் மீறி எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"சபையில அதுக்கு வழி இல்லையேம்மா."

"தெரியும் ஃபாதர். வழி கேட்டு வரல. ஆண்டவர் என்னைக் கூப்பிடுறாருன்னு ஒருத்தர்கிட்டயாவது சொல்லணும்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதைக் கேட்டதுக்கப்புறம் வழிபாட்டை உங்க கையில நான் விட முடியாதும்மா. மேல பதில் சொல்லணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஒண்ணு செய்வோம். நீங்க எதுவும் சொல்லல. நானும் எதுவும் கேக்கல. அடுத்த ஞாயிறு எப்பவும்போல நீங்களே நடத்துங்க."

எழுந்து நின்றேன்.

"இல்ல ஃபாதர். நான் சொன்னேன். நீங்க கேட்டீக."