ஸ்பார் கல்லுக்குப் பட்ட கண்

எங்கள் கல் சேகரிப்போர் வாட்ஸ்அப் குழுவில் கல்லுக்கு இருக்கும் மரியாதை மனிதருக்குக் கிடையாது. காலையில் எழுந்ததும் ஆளுக்கொரு படம் போடுவார்கள். கறுப்பு வெல்வெட் துணிமேல் ஃப்ளோரைட் படிகம், கண்ணாடிப் பீடத்தில் ஃப்ளோரைட், புற ஊதா டார்ச் அடித்ததும் நீலமாக ஒளிரும் ஃப்ளோரைட். கீழே எந்த நாட்டுச் சுரங்கம், முன்பு யாரிடம் இருந்தது என்று வம்சாவளி எழுதியிருக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். அந்தக் குழுவில் நான் ஒருத்திதான் பெண். லாரியில் வந்து இறங்கிய ஃப்ளோரைட்டை வைத்திருப்பவளும் நான் ஒருத்திதான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை எனக்கு. உருகிய இரும்பின் மேல் மிதக்கும் கசடு இளகி ஓடுவதற்காக ஃப்ளோரைட்டைப் போடுவார்கள். புத்தகத்தில்தான் அந்தப் பெயர். எங்கள் யார்டில் அது ஸ்பார். ஜல்லி மாதிரி குவிந்து கிடக்கும். வந்த சரக்கு தேறுமா என்று பார்க்க ஒரு வாளி அள்ளி வந்து பொடித்துச் சோதிக்க வேண்டும். அள்ளும்போது எப்போதாவது ஒன்று, அடிபடாமல் தப்பிய சதுரக் கட்டியாக, பச்சையோ ஊதாவோ காட்டி நிற்கும். அதை நான் பொடிக்க மாட்டேன். ஸ்டோர்ஸ் அதிகாரியிடம் கேட்டுத்தான் எடுத்துக்கொள்வேன். அவர் ஒருமுறைகூடத் தடுத்ததில்லை.

"எடுத்துக்கினு போங்க மேடம். எப்படியும் நெருப்புல போறதுதான்" என்பார்.

அப்படித்தான் அந்தக் கல் கிடைத்தது. எலுமிச்சம்பழ அளவு. தண்ணீர் போன்ற தெளிவு. மூன்று சதுரங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்க, விளிம்பில் மட்டும் கத்தரிப்பூ நிறம் ஒரு கோடு. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சேறு போகத் தேய்த்துக் கழுவியபோது, என் பிள்ளைகளைக்கூட இவ்வளவு பொறுமையாகக் குளிப்பாட்டியதில்லை என்று தோன்றியது. படத்தைக் குழுவில் போட்டேன்.

குழுவுக்குத் தலைவர் ஒருவர் உண்டு. தேர்தல் எதுவும் நடக்கவில்லை. மற்றவர்கள் தப்பாகச் சொல்வதைத் திருத்தித் திருத்தித் தலைவர் ஆனவர். சென்னையில் பெரிய ஃப்ளாட், சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அவர் குரல் பதிவில் சொன்னார்: "அதெல்லாம் ஃபர்னஸுக்குப் போற சரக்கும்மா. ஜல்லி. அதுல இப்படி ஒரு பீஸ் வராது. சோடா பாட்டில் உடைஞ்சு கலந்திருக்கும்." கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பிறகு அவரே பெரிய மனசு பண்ணி, "ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுல எல்லாரும் கூடறோம். எடுத்துட்டு வாங்க. கையில வாங்கிப் பார்த்தா சொல்லிடுவேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கண்ணாடிக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாமலா மாதச் சம்பளம் வாங்குகிறேன்? அந்தக் கல்லை அவர் உள்ளங்கையில் வைக்க வேண்டும், அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். பஞ்சில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். வீட்டில் எல்லாருக்கும் சொல்லியும் வைத்தேன்: இந்தக் கல் சூடு தாங்காது, வெந்நீர்கூடப் படக் கூடாது.

மீஞ்சூரில் எங்கள் வீடு. வீட்டுக்காரருக்கு வள்ளூர் அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. "ஊர்ல பொம்பளைங்க கல்லு வெச்ச கம்மல் கேப்பாங்க. எனக்கு வாச்சது கல்லு மட்டும் போதும்ங்குது. லாபம்தான்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்த வாரம் அவருடைய அக்கா, என் நாத்தனார், பழவேற்காட்டிலிருந்து பல் கட்ட வந்து தங்கியிருந்தார். ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். உலகத்தில் எது கெட்டாலும் காரணம் கண் திருஷ்டி, மருந்து படிகாரம். வந்த அன்றே எங்கள் வாசலில் கறுப்புக் கயிற்றில் ஒரு படிகாரம் தொங்கியது. தண்ணீர்த் தொட்டி கலங்கியிருந்தால் அதற்கும் படிகாரம். ஷேவ் செய்து கன்னத்தைக் கீறிக்கொண்ட தன் தம்பிக்கும், அதாவது என் வீட்டுக்காரருக்கும், படிகாரம்.

திருஷ்டி கழிப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. படிகாரத்தைத் தலையைச் சுற்றித் தணலில் போட்டால் அது பொங்கிப் பூத்து ஓர் உருவமாக நிற்கும். அந்த உருவத்தில் கண் போட்டவரின் முகத்தைக் கண்டுபிடித்துவிடுவார். போன தடவை மூக்கு நீளமாக வந்தது. எதிர்வீட்டுக்காரி அன்றிலிருந்து எங்களோடு பேசுவதில்லை.

சந்திப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது எனக்குக் காய்ச்சல் வந்தது. ஆலையிலிருந்து பாதியில் கிளம்பி, ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தேன். மாத்திரை போட்டேன். நாத்தனார் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"காச்ச இல்லம்மே இது. கண்ணு. அந்தக் கல்லப் போட்டோ புடிச்சி ஊரெல்லாம் காட்டிக்கினு இருந்தே இல்ல? அதான். எவனோ வயிறு எரிஞ்சிக்கினு பாத்துக்கீறான்."

"மாத்திரை போட்டிருக்கேன் அண்ணி. தூங்கினா சரியாயிடும்."

"மாத்தர போட்டா கண்ணு போவுமா? எழுந்து கெழக்கப் பாத்து குந்து."

பொழுது சாய்ந்திருந்தது. கரண்டும் போய்விட்டது; மின்சாரம் தயாரிக்கும் ஊருக்குப் பக்கத்தில் குடியிருப்பதில் எங்களுக்குள்ள சலுகை அது. கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் தூபக்காலில் கொட்டாங்குச்சித் தணல். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். ஏதோ ஒன்று என் தலையை மூன்று முறை சுற்றி வந்தது. "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, போற கண்ணு, வர கண்ணு" என்று முணுமுணுப்பு.

"திரும்பிப் பாக்காதே. பாத்தா திரும்ப ஒட்டிக்கும்."

சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு டப்பென்று ஒன்று. தொடர்ந்து டப் டப் டப்பென்று, மழையில் பட்டாசு வெடித்த மாதிரி. பெண்கள் அலறினார்கள்.

"யம்மா! நீலமா எரியுது பாரு!"

"தரையெல்லாம் தெறிச்சிக் கெடக்குது! மின்னுது பாருக்கா!"

"இன்னா கண்ணுடா சாமி இது!" என்றார் நாத்தனார். அவர் குரலில் பயத்தைவிடப் பெருமைதான் அதிகம்.

படிகாரம் பொங்கும், வெடிக்காது என்று காய்ச்சல் மூளை மெதுவாகச் சொன்னது. நீலமாக மின்னவும் மின்னாது. இருந்தும் நான் திரும்பவில்லை. திருஷ்டியில் எள்ளளவும் நம்பிக்கை இல்லாதவள் நான், சாமி சத்தியமாகத் திரும்பவில்லை. திரும்பலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் திரும்பினேன். அப்போது எல்லாம் அணைந்திருந்தது.

"படிகாரம் தீந்து போச்சே, கடைக்கு ஆள் அனுப்பணுமேன்னு பாத்தேன். நல்லவேளை, இருட்டுல தடவிப் பாத்தா ஃப்ரிட்ஜு மேல டப்பாவுல நீயே பஞ்சு சுத்தி வெச்சிருந்தே" என்றார்.

நான் அழுதேன். மூக்கில் நீர் ஒழுக, குழந்தை மாதிரி. "அழுவட்டும் வுடு, கண்ணு எறங்குது" என்று அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். வேர்த்துக் காய்ச்சலும் இறங்கிவிட்டது. மாத்திரையைப் பற்றி யாரும் பேசவில்லை. தணலில் எந்த முகமும் தெரியாததால், கண் போட்டவர் பெரிய ஆள் என்று முடிவாயிற்று. பக்கத்து வீட்டுப் பெண் போகும்போது என்னிடம் கிசுகிசுத்தாள்: "அக்கா, அந்தப் படிகாரம் எந்தக் கடையில வாங்கினீங்க?"

ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் சோடா பாட்டில் என்பது உறுதியாகிவிடும். சாம்பலில் பொறுக்கிய துண்டுகளை அதே டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். தலைவர் வீட்டில் பிஸ்கட்டும் காபியும் கொடுத்தார்கள். அலமாரி விளக்குகளின் வெளிச்சத்தில் கல்லெல்லாம் கல்யாண ரிசப்ஷனில் நிற்பது போல நின்றது. என் டப்பாவைத் திறந்தேன். வெளிறி, விரிசல் விட்டு, உப்புக்கல் மாதிரி கிடந்தது. சுற்றி நின்றவர்கள் மரியாதையாகத் தொண்டையைச் செருமினார்கள். நடந்ததைச் சொன்னேன். சிரித்தார்கள். ஒருவர் காபியைச் சட்டையில் கொட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு துண்டை எடுத்து விளக்கில் பார்த்தார். கண்ணாடிபோல் வளையாமல் தட்டையாகப் பிளந்திருந்த சரிவில் விரலை ஓட்டினார்.

"ஃப்ளோரைட்தான்" என்றார். நான் காத்திருந்த வார்த்தை. வந்தபோது அதில் ருசியே இல்லை. அவர் கவனம் வேறு எங்கோ இருந்தது.

"சூடு பட்டு ஒளி விட்டதா? இவ்வளவு கல் வெச்சிருக்கேன், நான் பார்த்ததே இல்லம்மா. சுட மனசு வருமா? ஒரு கல்லு அதை ஒரு தடவைதான் காட்டும், அவ்வளவுதான். என்ன நீலம்? ஊதா கலந்ததா? எவ்வளவு நேரம் நின்னுது?"

அந்த மனிதர் ஒருவரிடம் கேள்வி கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாத்தனாருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஆமாங்க ஐயா. எங்க ஏரியில இருட்டுல துடுப்பு போட்டா தண்ணி மின்னும் பாருங்க, அந்தக் கலரு. காப்பி குடிக்கிற நேரம் இருந்திச்சி. ஏன், உங்களுக்கும் கண்ணு பட்டிருக்கா? ஊட்ல படிகாரம் இருக்குதா?"

தலைவர் அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாவியைப் பூட்டில் திருப்பிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க? நீங்களே சொல்லலாமே" என்றார் என்னிடம்.

நான் பதில் சொல்வதற்குள் போனிலிருந்து நாத்தனார் சொன்னார்: "அது எப்படிங்க சொல்லும்? சொன்ன பேச்சக் கேக்கற பொண்ணுங்க அது. திரும்பியே பாக்கல."

அந்தக் கல்லை என்னைவிட அதிகமாகப் பார்த்தவர்கள் உலகத்தில் இல்லை. அது தன்னை முழுசாகக் காட்டிய அந்த ஒரு தடவை, நான் மீஞ்சூரில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.