மச்சாளின் ஒன்றும் என் ஐந்தும்

இரண்டு சனிக்கிழமைகளுக்கு முன்பு மாமி என் கையில் ஒரு நீல நிறப் பைலைத் தந்தார். மாமாவின் புதுக் கடை இல்ஃபோர்டில் என்பதால் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு அங்கே போகிறார்கள். மேல்தட்டைத் துப்புரவாக்கியபோது அகப்பட்டதாம். எறிவதா வைப்பதா என்று கேட்டார். நான் வாங்கிக்கொண்டு சட்டனில் உள்ள என் அறைக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதைப் பிரித்தேன். உள்ளே இருந்த ஒவ்வொரு தாளும் இரண்டு தரம் இருந்தது. ஒரே கேள்விகள், ஒரே அச்சு. ஒன்றில் சின்னச் சின்னதாக, நிமிர்ந்த கையெழுத்தில் விடைகள். ஓர் இடத்திலும் வெட்டுத் திருத்து இல்லை. மற்றதில் அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகி, ஓரத்தில் பூவும் கொடியும் கீறி, தேநீர்க் கறையோடு ஒரு கையெழுத்து. அந்த இரண்டாவது கையெழுத்து என்னுடையது. முதலாவது மச்சாளுடையது.

மச்சாள் மாமியின் மகள். என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்தில் ஒரே கட்டிடத்தின் இரண்டு தட்டுகளில் இரண்டு பெண் பிள்ளைகளாக வளர்ந்தோம், ஒரே வகுப்பில் படித்தோம். அவள் கதைப்பதே குறைவு. எனக்கு வாய் ஓயாது. குறைகுடம் கூத்தாடும் என்று அப்பா என்னைப் பார்த்துச் சொல்லாத கிழமை இல்லை. நிறைகுடம் எது என்று அவர் சொல்லமாட்டார், ஆனால் கண் மேல் தட்டுப் பக்கம் போகும். எனக்கு அவள்மேல் எரிச்சல் இருந்ததா என்றால், இருந்தது. அனேகப் பாடத்தில் ஒன்று எடுக்கிற ஒருத்தி ஒரே கட்டிடத்தில் இருந்தால் யாருக்குத்தான் இருக்காது.

ஒன்று என்பதை விளக்கவேண்டும். நாங்கள் படித்த இடத்தில் பாடங்களுக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை இலக்கம் போடுவார்கள். ஒன்றுதான் ஆகத் திறம். ஐந்து வந்தால் பிள்ளை தவறிவிட்டது என்று அர்த்தம். இரண்டு பாடத்தில் ஐந்து வந்தால் பெரும்பாலும் அதே வகுப்பிலேயே மறுபடி இருக்கவேண்டும். பதினாறு வயதில் பத்தாம் வகுப்பை நான் முடித்தபோது மச்சாளுக்கு ஒன்றும் இரண்டுமாக வந்தது. விளையாட்டில் மட்டும் மூன்று. எனக்குக் கணிதத்திலும் பௌதிகத்திலும் ஐந்து, மிச்சம் எல்லாம் நாலு, சங்கீதத்தில் மட்டும் இரண்டு. வகுப்பில் இருத்தப்போகிறார்கள் என்று நான் ஒளித்து ஒளித்து அழுதுகொண்டிருந்த நேரத்தில்தான் இரண்டு குடும்பமும் லண்டனுக்குப் போவது என்று முடிவாகியது. கடவுள் ஜெர்மனியைவிட்டு என்னை எடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

இங்கிலாந்தில் இலக்கம் தலைகீழ். ஒன்பதுதான் உச்சம், ஒன்று கடைசி. இது எங்களுக்குத் தெரியாது. எங்கள் அறிக்கைகளை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்த தமிழருக்கும் தெரியாது. பாடத்தின் பெயர், பக்கத்தில் இலக்கம், கீழே கையெழுத்து என்று ஒரு பக்கத்தில் முடித்துத் தந்திருந்தார்.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தின் மேல்வகுப்பில் இடம் கேட்டுப் போனோம். அப்பா வான் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் தனியாகத்தான் உள்ளே போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி நல்ல மனிதர். என் தாளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். கணிதம் ஐந்து, பௌதிகம் ஐந்து. முகம் மலர்ந்தது. சங்கீதத்தில் இரண்டைக் கண்டதும், எல்லாருக்கும் எல்லாம் வராது, கவலைப்படாதே என்று ஆறுதல் சொன்னார். பிறகு மச்சாளின் தாளை எடுத்தார். அவருடைய குரல் மெதுவாகியது. விளையாட்டில் உனக்கு நல்ல திறமை இருக்கிறது போல என்று தொடங்கினார். மற்றப் பாடங்களுக்கு ஒரு வழி இருக்கிறது, கொலிஜில் ஐந்து கிழமைக் கோடை வகுப்பு, ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும். பன்னிரண்டு கிரெடிட் எடுத்தால் செப்டம்பரில் இங்கேயே சேரலாம் என்று ஒரு படிவத்தை நீட்டினார்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. குறைகுடமானாலும் நான் மக்கு அல்ல. இவர் தாளைத் தலைகீழாக வாசிக்கிறார் என்று தெரிந்தது, வாய் திறந்தால் என் இடம் போய்விடும் என்பதும் தெரிந்தது. பிறந்த நாளிலிருந்து ஓயாத வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது. மச்சாள் படிவத்தைப் பார்த்தாள், என் தாளைப் பார்த்தாள், பிறகு நன்றி சொல்லி வாங்கி மடித்து வைத்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

வீட்டில் சந்தேகம் வராமல் இருக்குமா? மாமி தாளை வைத்துக்கொண்டு, இவளுக்குக் குடுத்த இடத்தை என்ர பிள்ளைக்கு ஏன் குடுக்கேல்லை என்று மூன்று நாள் கேட்டார். மச்சாள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். “என்ர பேச்சிங்கிலிஷ் காணாதாம் அம்மா. நான் அங்கை வாயே திறக்கேல்லை.” அதை எல்லாரும் நம்பினார்கள், ஏனென்றால் அவள் எங்கேயும் வாய் திறப்பதில்லை. என் இடம் என் வாயால் கிடைத்தது என்று அப்பா முடிவு கட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் எல்லாருக்கும் தின்ன ஒரு பெட்டி மீன் ரோல்ஸைத் திறந்து வைத்து, மகளுக்கு முதல் தரத்திலேயே இடம் கிடைத்துவிட்டது என்று சுவாமியார் முதல் கதிரை அடுக்கியவர் வரை சொன்னார். நான் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றேன். மச்சாள் ஒரு ரோல்ஸை எடுத்து, நல்லா இருக்கு மாமா என்று சொல்லிவிட்டு இன்னொன்றும் எடுத்தாள்.

யூலைக் கடைசியில் வகுப்பு தொடங்கியது. காலையில் ட்ராமில் போய் நாலு மணிக்குத் திரும்புவாள். நான் மாமாவின் கடையில் மா, அரிசி, டின்மீன் அடுக்குவேன். முதல் நாளே அவள் பையிலிருந்து ஒவ்வொரு தாளிலும் இரண்டு பிரதி வந்தது. வராத ஒரு பிள்ளைக்கு என்று ஆசிரியரிடம் கேட்டு வாங்கினாளாம். கடைக்குப் பின்னால் உள்ள குசினி மேசையில் ஒன்றை எனக்கு முன்னால் வைத்து, “தனியப் படிச்சா எனக்கு நித்திரை வருது. நீயும் முன்னால இருந்து செய்” என்றாள். மறுக்க எனக்கு முகம் இல்லை. குற்ற உணர்ச்சி என்பது ஒரு பிள்ளையைக் கணிதம் செய்ய வைக்கும் என்று எந்த ஆசிரியருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

அவள் எனக்குப் படிப்பிக்கவில்லை, அதைச் சொல்லியாகவேண்டும். விடை பிழை என்றால் பிழை என்றும் சொல்லமாட்டாள். தன் தாளை முடித்துத் திருப்பி வைத்துவிட்டு, எங்கே தடக்குப்பட்டாய் என்று மட்டும் கேட்பாள். நான் சொல்லத் தொடங்குவேன், சொல்லிக்கொண்டு போகும்போதே பிழை எனக்குத் தெரிந்துவிடும். என் வாயைப் படிப்புக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்த முதல் ஆள் அவள். இரண்டாம் கிழமை ஒரு பின்னத்தைப் பற்றி நான் கால் மணி நேரம் கதைத்து அது சரியாக வந்தபோது, மாமி குசினிக்குள் எட்டிப் பார்த்து என்ன சண்டை என்று கேட்டார். எனக்குக் கணிதம் விளங்கியதால் வந்த சத்தம் அது. பதினாறு வருடத்தில் முதல் தரம்.

மூன்றாம் கிழமை கொலிஜிலிருந்து கடைக்கு அழைப்பு வந்தது, நான்தான் எடுத்தேன். இந்தப் பிள்ளை வகுப்பில் எல்லாரையும்விட எவ்வளவோ முன்னால் நிற்கிறாள், நாளைக்கே சோதனை எழுதி முடித்துவிட்டுப் போகலாம் என்று சொன்னோம், மாட்டேன் என்கிறாள், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று ஆசிரியர் கேட்டார். பின்னேரம் அவளிடம் ஏன் என்று கேட்டேன். வீட்டில் நின்றால் டின்மீன் அடுக்கவேண்டும், அங்கே நல்ல காற்று வருகிறது என்றாள். அந்தக் கோடை நல்ல வெயில், கடைக்குள் இருக்க ஏலாது. நானும் நம்பினேன். தாள் வருவது நின்றுவிடும் என்பதற்காகத்தான் அவள் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை என்பதை யோசிக்கிற அளவுக்கு நான் நல்லவளாக இருக்கவில்லை.

ஐந்தாம் கிழமை அவளுக்குப் பன்னிரண்டு கிரெடிட்டும் கிடைத்தது. அதற்கு முதல் நாள் குசினி மேசையில் பழைய சோதனைத் தாள் ஒன்றை மணிக்கூடு வைத்து என்னைச் செய்ய விட்டிருந்தாள். சான்றிதழோடு ட்ராமில் இறங்கியவள் வீட்டுக்கு வராமல் கடை வாசலிலேயே என்னை மறித்தாள்.

“நேற்று செய்ததில நீ பாஸ். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லுவம்.”

“என்னத்தை?”

“உன்ர அஞ்சை.”

எப்போது தெரியும் என்று கேட்டேன். அந்த மனிசி உன்னைப் பார்த்துச் சிரிக்கும்போதே தெரியும் என்றாள். பிறகு ஏன் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று, என் பிழையை அவள்மேல் போட்டுக் கத்தினேன். அவள் கோபப்படவில்லை.

“அண்டைக்குச் சொல்லியிருந்தா உன்னை வேண்டாம் எண்டிருப்பினம். இப்ப சொன்னா சோதிச்சுப் பாப்பினம். சோதிச்சா நீ செய்வாய்.”

ஒருவருக்கும் தெரியாதே, அப்படியே விட்டால் என்ன என்று கேட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டேன்.

“உன்னால ஏலாது,” என்றாள். “ரெண்டு வருசம் இதைக் காவிக்கொண்டு திரிய உனக்கு ஏலாது. அண்டைக்கு ரோல்ஸே உனக்கு இறங்கேல்லை. நீயே சொல்லு. நான் பக்கத்தில இருப்பன்.”

மறுநாள் அதே மேசை, அதே பெண்மணி. நானே சொன்னேன். என் ஐந்து, நீங்கள் நினைக்கிற ஐந்து அல்ல, அது தவறியது. இவளுடைய ஒன்று, எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றேன். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கனநேரம் பார்த்தார். முகம் சிவந்தது. மச்சாளிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, இதை ஏன் இப்போது சொல்கிறாய் என்றார். இப்போது எனக்குக் கணிதம் தெரியும் என்றேன். அடுத்த நாள் காலை ஒரு வெறும் வகுப்பறையில் என்னைத் தனியாக இருத்திச் சோதித்தார்கள். வேண்டிய புள்ளிக்கு மேலே நாலு புள்ளி கூடுதலாக வந்தது, இடம் நிலைத்தது. மச்சாள் வெளியே தாழ்வாரத்தில் ஒரு கதிரையில் இருந்தாள். நான் கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்துவிட்டு, பசிக்குது வா என்று எழும்பினாள். வீட்டில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு பெட்டி ரோல்ஸ் வாங்கி வந்து, இந்தத் தரம் அதை மாமியின் கையில் கொடுத்தார்.

எட்டு வருடங்கள் போய்விட்டன. மச்சாள் ரயில் பாலங்களைப் பரிசோதிக்கும் பொறியியலாளர். தலையில் தொப்பியோடு பாலத்துக்குக் கீழே நின்று மேலே பார்ப்பதுதான் வேலை; யாரோடும் கதைக்கத் தேவையில்லை என்பாள். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அளந்து பொருத்திக் கொடுக்கிறேன். என் தொழிலிலும் இலக்கம் கூடினால் பார்வை குறைவு. சிலர் அந்த இலக்கத்தைக் கேட்டுக் கலங்கும்போது, அது எந்தப் பக்கமிருந்து எண்ணுவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பேன்.

இனி அந்த நீலப் பைல். கடைசித் தாளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்ரிக் உறை இருந்தது, அதற்குள் நாலு தாள்கள். நிமிர்ந்த சின்னக் கையெழுத்து. பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கடிதம். மேலே போட்டிருந்த திகதி, நாங்கள் இடம் கேட்டுப் போன அதே நாள். முதல் தாளில் ஒன்று என்றால் என்ன, ஆறு என்றால் என்ன என்று எழுதி, ஆகவே என் மச்சாளின் என்று தொடங்கிய வரியைப் பேனை தாளைக் கிழிக்கிற அளவுக்கு வெட்டியிருந்தாள். இரண்டாவதில் என் பெயர் இல்லை, ஆனால் இலக்கங்களின் விளக்கம் இருந்தது; அதையும் வெட்டியிருந்தாள். தன் ஒன்றை விளக்கினால் என் ஐந்து தானாக விளங்கிவிடும் அல்லவா. மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. நாலாவது முழுக் கடிதம். இலக்கத்தைப் பற்றிய விளக்கத்தோடு, கையெழுத்தோடு, முத்திரை ஒட்டிய உறையோடு. எங்கள் தெரு மூலையில் தபால் பெட்டி இருந்தது. வீட்டிலிருந்து நாற்பது அடி.

சப்பாத்தோடு கட்டிலில் இருந்தபடியே அவளுக்கு அழைத்தேன். எங்கேயோ பாலத்துக்குக் கீழே நின்றாள். தலைக்கு மேலே ரயில் போகும் சத்தம் கேட்டது. கடிதத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், ஏனடி போடவில்லை என்று கேட்டேன். ரயில் போய் முடியும் வரை பொறுத்தாள்.

“அதுவோ? இங்கிலிஷ் பிழையா இருந்தது. அதுதான் போடேல்லை.”

அழைப்பை வைத்துவிட்டு நாலாவது தாளை மறுபடி எடுத்தேன். வரி வரியாக, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை.