ஆறு பி-க்குத் தராத அட்டைகள்

போன ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்தபோது என் எம்.எட். ஆய்வேடு கையில் அகப்பட்டது. கறுப்பு ரெக்சின் மேலட்டை, பொன்னிற எழுத்து, உள்ளே கரப்பான் முட்டை. தெருவில் வந்த பழைய பேப்பர்காரரிடம் நீட்டினேன். "மேலட்டையக் கிழிச்சுட்டுத் தாங்கக்கா, தாளு மட்டும்தான் எடுப்பேன்" என்றார். இழுத்துப் பார்த்தேன், வருவேனா என்றது. பழங்காநத்தத்தில் பைண்டிங் போட்ட அண்ணன் அவ்வளவு உறுதியாகத் தைத்திருக்கிறார். பழைய மைதாப் பசை வாசனை மட்டும் கிளம்பி வந்தது. அந்த வாசனைக்கு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மைதாப் பசை என்றாலே எனக்கு ஆறாம் வகுப்புப் பின்னங்கள்தான். பி.எட். முடித்து, கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த காலம். "இன்னொரு பட்டம் இருந்தா காலேஜு வேலைக்குப் போகலாம்ல" என்று கல்லுப்பட்டியில் இருந்த அப்பா ஒரே பிடியாக நிற்க, அஞ்சல்வழியில் எம்.எட். சேர்ந்தேன். பாடம் எப்படி நடத்துவது என்று பி.எட். சொல்லிக்கொடுத்தது. அப்படி நடத்துவதால் பயன் உண்டா, நிரூபி என்றது எம்.எட். அதை நிரூபிக்க வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. சனி ஞாயிறு வகுப்புகளில் பாதிக்குத் தலையாட்டுவேன், மீதி புரியாது.

என் ஆய்வு இதுதான். ஆறு ஏ-க்குப் பின்ன அட்டைகளை வைத்துச் சொல்லித்தர வேண்டும். ஆறு பி-க்கு வழக்கம்போலக் கரும்பலகை. ஆறு வாரம் கழித்து இரண்டுக்கும் ஒரே தேர்வு. ஏ அதிகம் வாங்கினால் என் முறை நல்ல முறை. எனக்கு வழிகாட்டிய பேராசிரியையைக் கைடு மேடம் என்போம். அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பி செக்‌ஷன் கையில அந்த அட்டை போகவே கூடாது. போச்சுன்னா ரிசல்ட்டு கெட்டுரும்."

வீட்டில் சேர்ந்திருந்த கல்யாணப் பத்திரிகைகளை வட்டவட்டமாக வெட்டி, பசை காய்ச்சிக் கலர் தாள் ஒட்டி, அரை, கால், அரைக்கால் என்று கூறு போட்டேன். ஏ பிள்ளைகள் அதற்குப் பரோட்டா என்று பேர் வைத்துவிட்டார்கள். "டீச்சர், இவன் முக்கால் பரோட்டாவ எடுத்துக்கிட்டான்" என்று ஒரே கூத்தாக இருக்கும். அடுத்த மணிக்கு மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு பி-க்குப் போவேன். பரோட்டா நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுவேன். தெரிந்ததைச் சொல்லித்தராமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை.

நான்காவது வாரம் பி திடீரென்று அமைதியானது. எல்லோரும் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். பலகை மூலையில் 'பேசியவர்கள்' என்று லீடர் எழுதியிருப்பாள்; அதன் கீழே ஒரு பேர் இருக்காது. எச்.எம். எட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். நானும் பூரித்துப்போனேன், அசடு.

அந்த லீடர் பாண்டீஸ்வரி. ஆளைப் பார்த்தால் மூன்றாம் வகுப்பு என்றுதான் சொல்வீர்கள். ஒரு நாள் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஸ்டாஃப் ரூம் வரை வந்தாள்.

"டீச்சர், பத்து நாளா எங்க கிளாஸுல யாருமே பேசலை. இனிமே எங்களுக்கும் பரோட்டா அட்டை தருவீங்களா?"

"பேசுறதுக்கும் அட்டைக்கும் என்ன இருக்கு?"

"நாங்க அம்புட்டுச் சத்தம் போடுறதுனாலதான் நீங்க தரமாட்டேங்கிறீங்கன்னு நெனச்சோம்."

நோட்டுக் கட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "பரீட்சை முடியட்டும்டா, கட்டாயம் தாரேன்" என்றேன்.

சனிக்கிழமை கைடு மேடத்திடம் போய் நின்றேன். "இப்பக் குடுத்தா மொதல்லருந்து செய்யணும், ஒரு வருஷம் போயிரும். டெஸ்ட்டு முடிஞ்சு குடேன்மா, யாரு வேண்டாங்கிறா?" என்றார். அது நியாயமாகத்தான் இருந்தது. பாண்டீஸ்வரி கேட்டதும் நியாயம்தான். முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் போனால் உதைக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் சம வாய்ப்பு என்று என் பி.எட். நோட்டில் நானே சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டையும் ஆய்வுத் திட்டத்தையும் மாறிமாறிப் பார்த்ததில் இருந்த கொஞ்சப் புத்தியும் குழம்பியது. கடைசியில் பட்டத்தின் மேல் இருந்த ஆசைதான் ஜெயித்தது, மறைப்பானேன்.

தேர்வில் ஏ ஜெயித்தது. பாண்டீஸ்வரிக்கு இருபத்தைந்துக்கு ஏழு. "வித்தியாசம் நல்லா வந்திருக்கு" என்று மேடத்துக்கு ஒரே சந்தோஷம். அந்த வித்தியாசத்தில் அவளுடைய ஏழும் உண்டு. அதோடு காலாண்டுப் பரீட்சை தொடங்கிவிட்டது. லீவு முடிந்த முதல் நாளே அட்டைப் பெட்டியோடு பி-க்குள் நுழைந்தேன். முதல் பெஞ்சில் அவள் இடம் காலி.

"அவ திருப்பூருக்குப் போயிட்டா டீச்சர். அவுங்கப்பா டி.சி. வாங்கிட்டாரு."

மற்றவர்கள் அட்டைகளை வாங்கிப் புரட்டினார்கள். பாடம் அதற்குள் தசமத்துக்குப் போயிருந்தது. சத்தம் போடாமல் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திருப்பித் தந்தார்கள்.

பட்டம் வந்தது, காலேஜ் வேலை வரவில்லை. அதற்குப் பிறகு நான் போன எல்லா வகுப்புக்கும் அட்டையோடுதான் போனேன். அந்த ஆய்வு இல்லையென்றால் அப்படிப் போயிருப்பேனா, தெரியாது. அதனால் செய்தது சரியா என்று நீங்கள் கேட்டால், அதுவும் தெரியாது. இப்போது அந்தப் பள்ளியில் சுவர் முழுக்க ஸ்மார்ட் கிளாஸ் திரை. ஏ-யும் பி-யும் ஒரே வட்டத்தைப் பார்க்கிறார்கள். யாரும் பசை காய்ச்சுவதில்லை.

வாசல்படியில் உட்கார்ந்து ஆய்வேட்டைப் புரட்டினேன். நன்றியுரையில் கைடு மேடம், எச்.எம்., அப்பா, டைப் அடித்தவர், பைண்டிங் அண்ணன் வரை எல்லோரும் இருக்கிறார்கள். ஆறு பி இல்லை. அவர்கள் பின்னால் மதிப்பெண் அட்டவணையில் வெறும் வரிசை எண்ணாக இருக்கிறார்கள்.

"என்னக்கா, போடுறீகளா இல்லையா?" என்றார் பேப்பர்காரர்.

"இல்லண்ணே, நீங்க போங்க" என்றேன். உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்து, ஏழு என்று இருந்த பதினேழாம் எண்ணுக்குப் பக்கத்தில் பாண்டீஸ்வரி என்று எழுதினேன். மற்றவர்களையும் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். இன்னும் முப்பத்து மூன்று எண்கள் இருந்தன. ஒரு பேர்கூட ஞாபகம் வரவில்லை.