கூப்பிட்டு அடித்தவர்

"குட்டி கெட்டுப்போச்சுங்க. நீங்க சொல்லிக்குடுத்த லட்சணத்த வந்து பாருங்க" என்று போனில் கத்தினார் தணிகாசலம். விருத்தாசலத்தில் செராமிக் பொம்மைப் பட்டறை வைத்திருப்பவர். கெட்டுப்போக அதென்ன நேற்று வைத்த சாம்பாரா? எரிச்சலோடுதான் வண்டியை எடுத்தேன்.

அவருடைய ராக்கி நாலு மாத நாய்க்குட்டி. பட்டறையில் லாரி ரிவர்ஸ் எடுத்தால் சக்கரத்துக்குள் ஓடும். அதற்காகத்தான் நாய் பழக்குகிற என்னை வைத்திருந்தார். போ, படு, இரு, வா என்று நாலு கமாண்டைத் தனித்தனியாகப் பழக்கினேன். பிறகு நாலையும் ஒன்றோடொன்று கோர்த்தேன். கோர்ப்பதைப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். முதலில் 'இரு, வா'. அது படிந்ததும் அதற்கு முன்னால் 'படு'. கடைசியாகத்தான் 'போ'. பிஸ்கட் 'வா'வுக்கு மட்டும். கடைசியில் கூப்பிட்டவரிடம் வந்து நின்றால் நல்லது கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் குட்டி மற்ற மூன்றையும் செய்யும். ஓரத்துச் சாக்கில் போய்ப் படுத்து, லாரி போகும்வரை அசையாமல் கிடந்து, கூப்பிட்டதும் பறந்து வரும். அப்படிப் பழக்கிவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது பட்டறையில் நான் சொல்லச் சொல்ல ராக்கி போனது, படுத்தது, இருந்தது. "ராக்கி, வா" என்றேன். எழுந்திருக்கவில்லை. சாக்கோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அங்கேயே மூத்திரம் போய்விட்டது.

"பாத்தீங்களா? பெண்ணாடம் ரோட்ல கொண்டுபோய் வுட்டுடச் சொல்லிட்டேன்" என்றார் தணிகாசலம்.

"அடிச்சீங்களா?"

அவர் மனைவி விஜயா சொன்னார்: "நேத்து பலகைய தட்டிவுட்டுடுச்சுங்க. காய வெச்ச, இன்னும் சுடாத பச்சைப் பொம்மை எல்லாம் ஒடஞ்சிபோச்சு. 'வாடா ராக்கி, வா'ன்னு கொஞ்சிக் கூப்புட்டாரு. அதுவும் வாலாட்டிக்கிட்டு வந்துச்சு. பைப்பால வுளாசிட்டாரு."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "ஏங்க, அறிவிருக்குதா உங்களுக்கு? கொஞ்சிக் கூப்புட்டு அடிச்சா மனுசனே வரமாட்டான்! குட்டி கெடல. மூணு கமாண்டு அப்படியே இருக்குது. நாலாவத நீங்கதான் ஒடச்சிட்டீங்க."

"என் நாயி, நான் அடிச்சேன். உங்களுக்கு என்ன?"

"தரையில உக்காருங்க. பிஸ்கட்ட கையில வெச்சிக்கிட்டு சும்மா இருங்க. கூப்புடக் கூடாது" என்றேன்.

"வேலையாளுங்க முன்னாடியா? ஒரு நாய்க்காகவா?"

"அடிக்கறப்ப அவங்க எல்லாரும் பாத்துக்கிட்டுதான இருந்தாங்க? உக்காருங்க. அது பெண்ணாடம் ரோட்டுக்கெல்லாம் போகாது" என்றார் விஜயா.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நெடுநேரம் கழித்து ராக்கி எழுந்தது. பாதி தூரம் வந்தது. அவர் கை லேசாக அசைந்ததும் நின்ற இடத்திலேயே படுத்துக்கொண்டது. யாரும் 'படு' என்று சொல்லவில்லை. படுத்ததற்காக அதை யாரும் அடித்ததில்லை, அதனால் படுத்தது.

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். பாவமாக இருந்ததா என்றால், இல்லை. எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 'வா' சொல்லித்தரும் முன்னால் வீட்டுக்காரரைக் கவனியுங்கள். கூப்பிட்டு அடிக்கிற ஆள் என்றால் மற்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வீட்டில், கூப்பிட்டால் வராமல் இருப்பதுதான் குட்டிக்கு நல்லது.