மீன் விடாத தொட்டி

நாகல் நகரில் கண்ணாடித் தொட்டி என்றால் சுருளிவேல்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், இன்று வத்தலக்குண்டு கடைகள் வரைக்கும் மீன் தொட்டி அனுப்புகிறார். அவர் ஒட்டியது கசிகிறது என்று ஒருத்தர் திரும்பி வந்ததில்லை. கையில் தொழில் இருக்கிறவன் எவன் முன்னாலும் நிமிர்ந்து நிற்கலாம். சந்தேகம் இருந்தால் அவரைப் போய்ப் பாருங்கள்.

அவரைத் தேடித்தான் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் கிளாரா டீச்சர் வந்தார். வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓயாமல் விழுகின்றன, கூரையையும் ஆளையும் ஊடுருவிப் போகின்றன, அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு பெட்டி வேண்டும் என்றார். இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் அரிசி மணி பருமனுக்கு இடைவெளி, அதற்குள் வாயு. தகடுகளுக்குப் பலத்த மின்சாரம். துகள் புகுந்து போனால் அந்த இடத்தில் மட்டும் பொடியாக ஒரு பொறி, உடனே கம்ப்யூட்டருக்குத் தகவல். இப்படி மூன்று பெட்டிகளை அடுக்க வேண்டும். ஒன்று மட்டும் சொன்னால் நம்ப மாட்டார்களாம். மூன்றும் ஒரே நொடியில் சொன்னால்தான் கணக்கில் சேர்ப்பார்களாம். இரண்டு வந்துவிட்டன, மூன்றாவது வழியிலேயே உடைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பார்வையிட ஆள் வருகிறது.

இம்புட்டுத்தானா என்று கேட்ட சுருளிவேல், மறுநாளே முடித்து, தெருவில் ஆட்டோ ஓட்டும் மெஹராஜின் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார். டீச்சர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"அண்ணே, உள்ள என்ன ஊத்துனீங்க?"

"தண்ணிதான். தொட்டின்னா ஊத்திப் பாக்கணும்ல? ஒரு சொட்டு வெளிய வரல."

இடுக்கில் ஒட்டிய ஈரம் லேசில் போகாது, மின்சாரம் கொடுத்தால் பெட்டியே வீண் என்றார் டீச்சர். தண்ணீரை நிறுத்துகிற ஒட்டு வாயுவை நிறுத்திவிடும் என்றும் இல்லையாம். சென்னையில் வேறு யாராவது செய்து தருவார்களா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்று போனை எடுத்தார். அதுதான் சுருளிவேலுக்குச் சுருக்கென்று தைத்தது.

"போன வைங்க டீச்சர். வேற ஒண்ணு செஞ்சு தாரேன். எப்படிச் சோதிக்கணும்னு மட்டும் காமிங்க."

"மீன் விடாத தொட்டிக்கு இம்புட்டு ரோசமாண்ணே?" என்றான் மெஹராஜ்.

"வாய மூடிட்டு வண்டிய எடுடா."

டீச்சர் காட்டிக்கொடுத்தது இதுதான்: வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதன் ஒரு முனையைப் பெட்டியின் வெளியே பொருத்த வேண்டும். பெட்டிக்குள் மெதுவாகக் காற்றடித்தால் குழாயில் ஒரு பக்கம் தண்ணீர் ஏறும். ஏறியது அப்படியே நின்றால் கசிவு இல்லை. சுருளிவேல் புதிதாகச் செய்த பெட்டியில் அது நிற்கவில்லை, மெல்ல இறங்கியது. அத்தனை வருடமாக ஒட்டிய கை. அவரால் நம்பவே முடியவில்லை. ஓரத்தில் சோப்பு நுரை தடவினார். ஒரு மூலையில் குமிழி விட்டது. அந்த மூலையைச் சுரண்டி, டீச்சர் கொடுத்த பசையால் மறுபடி ஒட்டினார். அடுத்த தடவை தண்ணீர் ஏறிய இடத்தில் அசையாமல் நின்றது.

வெள்ளிக்கிழமை அவர் பெட்டியை நடுவில் வைத்து அடுக்கினார்கள். துகள் புகுந்தால் மினுங்க, பெட்டிக்கு ஒரு விளக்கு. மேலும் கீழும் விளக்கு மினுங்கியது. நடு விளக்கு செத்துக் கிடந்தது. டீச்சர் மின்சாரத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்ற, சுருளிவேலுக்குச் சட்டை நனைந்துவிட்டது. பிறகு மூன்றும் சேர்ந்து மினுங்கின. சற்று நேரத்தில் மறுபடியும்.

நடுப்பெட்டி எந்தக் கம்பெனி என்று வந்தவர் கேட்டார். டீச்சர் சுருளிவேலைக் கைகாட்டினார். கசியவில்லையா என்று வந்தவர் அவரிடமே கேட்டார்.

"கசிஞ்சுச்சு சார்," என்றார் சுருளிவேல். "நிப்பாட்டிட்டேன்."