மூன்று வயதுக்கு மேல் கிடையாது

கர்த்தருக்குள் அன்பான சகோதரிகளே, இதை எழுதும்போதும் எனக்குக் களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்கக் கூடாது.

நான் ராஜபாளையத்தில் நூல் மில் தொழிலாளி. என் மகள் ரூபி பிறந்தபோது உடனே அழவில்லை. இரண்டரை வயதாகியும் தலை நிற்கவில்லை. கால்கள் இரண்டும் விறைத்துப் பின்னிக்கொண்டிருக்கும். 1990 அக்டோபரிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போவேன். அங்கே பயிற்சி கொடுத்த விஜயா டீச்சர் அவள் கால்களை மெல்ல விரித்து, மடக்கி, நீட்டுவார். எட்டு மாதத்தில் ரூபிக்குத் தலை நின்றது.

அந்த ஜூன் மாதம் பயிற்சி அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அரசாங்க உத்தரவு மாறிவிட்டதாம். இனி மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும்தான் பயிற்சி. எல்லாரும் புதிதாகப் பெயர் பதிய வேண்டும். பெரிய பிள்ளைகள் மதுரைக்குப் போக வேண்டும். வாராவாரம் மதுரைக்குப் போனால் என் வேலை போய்விடும்.

என் வீட்டுக்காரர், "வயசக் குறைச்சுச் சொல்லுட்டி. பிள்ளையப் பாத்தா ரெண்டு வயசுன்னுதான் நெனைப்பாக" என்றார்.

அடுத்த செவ்வாய் பஸ்ஸில் வழியெல்லாம் ஜெபித்தேன். "ஆண்டவரே, பொய் சொல்லப் போறேன். என்னைய மன்னிச்சிரும். எம்பிள்ளையக் கைவிட்டிராதேயும்."

"பிள்ளைக்கு என்ன வயசும்மா?" என்று கிளார்க் கேட்டார்.

"மூணு முடிஞ்சு நாலு மாசம் சார்." என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

அவர் பேனாவை மூடினார். "அப்ப பதிய முடியாதும்மா."

வராந்தாவில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆண்டவர் மேல் அப்படி ஒரு கோபம். "பொய் சொல்லக்கூட விடல நீரு. இனி எம்பிள்ளைக்கு யாரு இருக்கா?" என்று வாய்விட்டே கேட்டேன்.

அந்த நேரம் விஜயா டீச்சர் வெளியே வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் போய் அந்தத் தாளை முழுசாகப் படித்துவிட்டு வந்தார்.

"பிள்ளைக்குத்தான வயசு போட்டிருக்கு? அம்மாவுக்கு ஒண்ணும் போடலையே. செவ்வாய்க்கிழமை நீங்க வாங்க. நான் மத்த பிள்ளைகளுக்குச் செய்றதப் பாத்துப் படிங்க. வீட்ல நீங்களே செய்யுங்க."

"எனக்கு வருமா டீச்சர்?"

"ஓடுற மிஷின்ல அறுந்த நூல ஒட்டுற கை. இது வராதா?"

அன்றிலிருந்து செவ்வாய்தோறும் போய்ப் பார்த்துப் படித்தேன். வீட்டில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை பயிற்சி கொடுத்தேன். முதல் மாதங்களில் ரூபி வலியில் அலறுவாள். பாதியில் விட்டுவிட்டு நானும் அழுத நாட்கள் உண்டு. ஜெபிக்கக்கூடத் தெம்பு இருக்காது.

ஐந்து வயதில் உட்கார்ந்தாள். ஏழு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனைக்குப் புறப்படும்போது, கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றாள். "நானும் வாரேம்மா" என்று ஒரு அடி எடுத்து வைத்தாள்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. கோல் ஊன்றி நடக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். படி ஏற நான்தான் தூக்க வேண்டும். என் இடுப்புவலி போகவில்லை. அவள் ஓட வேண்டும் என்று கேட்டேன், அது கிடைக்கவில்லை. கிடைத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன். இப்போது நான் ஆண்டவரிடம் எதையும் மறைப்பதில்லை.

இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்கும் தாய்மாரே, கோபம் வந்தால் அதையும் அவரிடமே கொண்டுபோங்கள். நான் அப்படித்தான் போனேன். அவர் கேட்டார்.