குலவையில் கிளம்பிய பஸ்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பாபநாசத்திலிருந்து திருநெல்வேலிக்கு வரும் காலை பஸ்ஸில் நடந்தது இது. அந்த பஸ்ஸின் கண்டக்டர் நான்தான். கண்டக்டருக்கு இரண்டு கையும் எப்போதும் வேலையில் இருக்கும். ஒன்றில் டிக்கெட் மெஷின், இன்னொன்றில் சில்லறை. அதனால் விசிலுக்கு வாய்தான் இடம். என் சர்வீஸில் பாதி நாள் அதைப் பல்லில் கவ்வியபடியேதான் ஓடியிருக்கிறது.

அதற்கு முந்தின வருஷம் சேரன்மகாதேவி தாண்டி ஒரு ஆடு குறுக்கே வந்தது. டிரைவர் அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார். நான் சீட்டுக் கம்பியில் முகத்தை இடித்துக்கொண்டேன். ஆடு பிழைத்துவிட்டது, என் மேல்வரிசை முன்பல் போய்விட்டது.

தச்சநல்லூரில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண், ஆனால் நல்ல கண்டிப்பு. தாடை எலும்பில் திருகாணி மாதிரி ஒன்றை வைத்து, அது எலும்போடு பிடித்த பிறகு மேலே நிரந்தரப் பல் கட்டுவார்களாம். இம்ப்ளான்ட் என்றார். அதுவரை பார்வைக்கு ஒரு தற்காலிகப் பல் மாட்டிவிட்டு, இதற்கு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

நான் முறுக்கைத் தொடவில்லை. கொய்யாப்பழத்தைக்கூட மசித்துத்தான் தின்றேன். அப்படியும் சில மாதத்தில் அந்தத் திருகாணியே ஆட ஆரம்பித்துவிட்டது, கழற்ற வேண்டியதாயிற்று. என்னென்ன சாப்பிட்டேன் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். பத்தியமாக இருந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் கண் என் கழுத்தில் தொங்கிய விசில் மேல் விழுந்தது.

"இது என்ன சார், நுனி பூரா பல்லுத் தடமால்லா இருக்கு?"

அதைக் கடிப்பதில்லை, வாயில் சும்மா இருக்கும் என்றேன். நாள் முழுக்க, குலுங்குகிற பஸ்ஸில், அந்தப் பல்லில்தான் அதைத் தொங்கவிட்டிருக்கிறேன் என்று அவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எங்கள் தொழிலில் யாரும் விசிலைக் கடிப்பதாக நினைக்கவே மாட்டோம்.

புண் ஆறி, மறுபடி வைக்கிற நாள் வந்தது. எலும்பு கொஞ்சம்தான் மிச்சம், இதுவும் போனால் மூன்றாவது வைக்க அங்கே இடமிருக்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அன்றைக்கு முதலில் என் கையிலிருந்து ரத்தம் எடுத்தார். பல்லுக்கு எதற்கு ரத்தம் என்று பயந்துபோனேன். ரத்தத்தில் இருக்கிற தட்டணுக்களைப் பிரித்தெடுத்துப் புண்ணில் வைக்கப்போவதாகச் சொன்னார். டெங்கு சீசனில் குறைந்தது, கூடியது என்று கேள்விப்பட்டதோடு சரி, அந்தச் சொல்லை வேறெங்கும் நான் கேட்டதில்லை. ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாயை ஒரு மெஷின் சுற்றோ சுற்றென்று சுற்றியது. எடுத்துக் காட்டினார். அடியில் சிவப்பு, மேலே தெளிந்த நீர், நடுவில் மஞ்சளாக ஜெல்லி போல ஒன்று. அதை அழுத்தினதும் பாலாடை மாதிரி ஆனது. எலும்புத் தூளோடு அதையும் சேர்த்து வைத்துத் தைத்தார்.

"உங்க ரத்தம்தான் சார், புண்ணு சீக்கிரம் ஆற கை கொடுக்கும். ஆனா விசிலக் கவ்வுனீங்கன்னா இதுவும் காப்பாத்தாது."

தான் சொல்லும் வரை விசிலே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். லீவு முடிந்து டியூட்டிக்குப் போனேன். இந்த முறை அந்த இடத்தில் தற்காலிகப் பல்கூட இல்லை, வெறும் ஓட்டைதான். ஆபீஸில் உட்கார வைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், ஆள் பற்றாக்குறை என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டித் தட்டிச் சமாளித்தேன். கூட்டத்தில் அது டிரைவருக்குக் கேட்கவே இல்லை. ஏன் விசில் இல்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஓட்டைப் பல்லைக் காட்டி, ரத்த ஜெல்லிக் கதையைச் சொன்னேன். பஸ்ஸே சிரித்தது.

மறுநாள் வீரவநல்லூரில் ஒரு பெண் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பஸ் நகர்ந்துவிட்டது. அவள் ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். நான் தட்டினேன், கத்தினேன். கேட்கவில்லை. பல் போனால் போகட்டும் என்று கை தானாக விசிலை வாய்க்குக் கொண்டுபோனது. கவ்வுவதற்குள் நடு சீட்டிலிருந்து பஸ்ஸே அதிரும்படி ஒரு குலவைச் சத்தம். டிரைவர் அலறியடித்து பிரேக் போட்டார். அந்தப் பெண் பத்திரமாக இறங்கிவிட்டாள். அண்ணாச்சி பின்னால் திரும்பிக் கத்தினார்.

"யாரு வே கொலவ போட்டது? இது பஸ்ஸா, கோயில் கொடையா?"

போட்டது ஒரு அக்கா. விக்கிரமசிங்கபுரத்தில் ஏறி, டவுனில் ஒரு மெஸ்ஸுக்குச் சமையல் வேலைக்குப் போகிறவர். அவர் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் முதல் குலவை அவருடையதுதானாம். என் கையிலிருந்த விசிலைப் பிடுங்கி, என் சட்டைப் பையிலேயே போட்டார்.

"அத வாயில வைக்காதீங்க தம்பி. நான் இருக்கேம்லா."

அன்றிலிருந்து ஒரு குலவை போட்டால் பஸ் நிற்கும், இரண்டு போட்டால் கிளம்பும். அவர் இல்லாத டிரிப்பில் கல்லூரிப் பெண்கள் சிரித்துச் சிரித்து முயற்சி பண்ணினார்கள். யாருக்கும் அவர் அளவுக்கு வரவில்லை, ஆனாலும் பஸ் ஓடியது. ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு அது இல்லாமல் காலை விடியவில்லை.

மாதங்கள் போயின. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நன்றாகப் பிடித்துவிட்டது என்று சிரித்தார். பல்லும் கட்டினார். விசிலைப் பல்லில் கவ்வாமல் உதட்டில் வைத்து ஊதப் பழகிக்கொள்ளச் சொன்னார். மறுநாள் காலை, அந்த அக்கா ஏறி உட்கார்ந்ததும், பஸ் முழுக்கப் பார்க்க, இரண்டு விசில் ஊதினேன். பஸ் நகரவில்லை. டிரைவர் அண்ணாச்சி கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். அக்கா வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, இரண்டு குலவை போட்டார். அதன் பிறகுதான் பஸ் கிளம்பியது. டிக்கெட் கிழிப்பது போல் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இன்றும் கண்ணாடியில் அந்தப் பல்லைப் பார்க்கும்போதெல்லாம், அதைப் பிடிக்க வைத்தது என் கையிலிருந்து எடுத்த ரத்தம் மட்டுமில்லை, எனக்கு எந்த உறவும் இல்லாத ஒருவர் தினமும் எனக்காகக் கொடுத்த தொண்டையும்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.